முதுகில் தண்ணீர் எடுத்தால் கால் போய்விடுமா?

2024 நவம்பர் 18, இரவு 8.15

புது வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது:

"என் தம்பிக்கு 19 வயசு. ஒன்பது நாளா காய்ச்சல். நேத்திலிருந்து தாங்க முடியாத தலைவலி, வாந்தி, பேச்சு சம்பந்தமில்லாம வருது. அட்மிட் பண்ணியிருக்கோம். முதுகுத் தண்டுல ஊசி போட்டு தண்ணி எடுக்கணும், கையெழுத்து போடுங்கன்னு டாக்டர் சொல்றாங்க. எடுத்தா இடுப்புக்குக் கீழே விளங்காம போயிடும்னு பக்கத்து பெட்காரங்க சொல்ல, அம்மா அழறாங்க. யாராவது எடுத்துக்கிட்டவங்க இருக்கீங்களா? உண்மையா?"

நவம்பர் 18, இரவு 8.40

நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன், 2018 நவம்பரில். திருவொற்றியூரில் இருக்கிறேன். தினமும் காலையில் ஸ்டேஷன் படி ஏறி இறங்கித்தான் வேலைக்குப் போகிறேன். கால் போகாது தம்பி.

காரணத்தையும் அம்மாவிடம் சொல்லுங்கள். தண்டுவடம் என்கிற அந்தத் தடித்த நரம்புக் கயிறு இடுப்பு வரை வருவதில்லை. பெரியவர்களுக்கு அது இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது, இரண்டாவது எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்கும் கீழே, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில், அல்லது நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில். அங்கே தண்ணீர் நிறைந்த ஒரு பை இருக்கிறது. காலுக்குப் போகும் நரம்புகள் அதில் தனித்தனி இழைகளாக மிதக்கும். அத்தோ கடையில் வாழைத்தண்டு சூப்புக்குள் கொஞ்சம் நூடுல்ஸ் போட்டுத் தருவார்களே, அதில் ஒரு குச்சியை விட்டால் இழைகள் விலகி வழி விடும். ஊசிக்கும் அந்த நரம்புகள் அப்படித்தான் ஒதுங்குகின்றன.

இன்று இரவே மூன்று விஷயங்களைக் கேளுங்கள். என்ன சந்தேகத்துக்காக எடுக்கிறீர்கள்? தலை ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடிந்துவிட்டதா? நாங்கள் யோசிக்கிற நேரத்தில் கிருமிக்கான ஊசி மருந்தை ஆரம்பித்துவிட்டீர்களா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பேச்சு குழறுகிற காய்ச்சலில் மருந்து காத்திருக்கக் கூடாது.

நவம்பர் 18, இரவு 9.25

எனக்கு நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். தம்பியிடம் வாசித்துக் காட்ட முடிந்தால் காட்டுங்கள், என்ன வரப்போகிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும்.

இரண்டு வாரம் சாயங்காலக் காய்ச்சல். பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில் வைடால் டெஸ்ட் எடுத்து டைபாய்டு என்றார்கள். பத்து நாள் ட்ரிப்ஸ், ஊசி. அந்த ஒரு டெஸ்டை மட்டும் நம்பி டைபாய்டு என்று முடிவு செய்யக் கூடாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். தலைவலி கூடிக்கொண்டே போனது. ஒருநாள் ராயபுரம் மேம்பாலம் பக்கம் ஆட்டோவில் வரும்போது சிக்னலில் இரண்டு சிவப்பு விளக்கு தெரிந்தது. ஒரு கண்ணை மூடினால் ஒன்று, திறந்தால் இரண்டு. அன்றைக்கே என் வீட்டுக்காரர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் தண்ணீர் எடுக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர் கையெழுத்துப் போடவில்லை, ஒரு முழு நாள். அதைப் பிறகு எழுதுகிறேன்.

எடுத்த அன்று இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். முழங்கால் வயிற்றில், தாடை நெஞ்சில். அந்த சிஸ்டர் காசிமேட்டுக்காரர். "இறால் மாதிரி சுருளும்மா, நல்லா சுருண்டா எலும்பு நடுவுல கதவு திறக்கும்" என்றார். அவ்வளவு நாள் கழித்து அந்த அறையில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொட்டு, அங்கிருந்து நேராக வந்து முதுகு நடுவில் விரலால் அழுத்தினார். அந்தக் கோடு நான்காவது எலும்பு மட்டத்தில் போகும், அதுதான் அவர்களுக்கு அடையாளம். பிறகு ஜில்லென்று மருந்துப் பஞ்சு. மரத்துப்போக ஒரு சின்ன ஊசி. அதுதான் சுருக்கென்று எரிந்தது, பத்து விநாடி.

பெரிய ஊசி போனபோது வலி இல்லை, அழுத்தம் மட்டும். யாரோ கட்டைவிரலால் முதுகை உள்ளே தள்ளுகிற மாதிரி. நடுவில் ஒருமுறை வலது காலில் கரண்ட் அடித்த மாதிரி இழுத்தது. கத்திவிட்டேன். டாக்டர் பதறவில்லை. "எந்தக் கால்?" என்று மட்டும் கேட்டார். வலது என்றதும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துத் திசை மாற்றினார். ஊசி ஒரு நரம்பு இழையைத் தொட்டதால் வந்தது அது, தொட்டது விலகியதும் நின்றுவிட்டது. உங்கள் தம்பிக்கும் அப்படி ஆனால் அசையாமல் எந்தக் கால் என்று சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம் சின்னச் சின்ன பாட்டிலில் சொட்டுச் சொட்டாகப் பிடித்தார்கள். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் இருக்கும்.

நவம்பர் 18, இரவு 9.50

"தண்ணீரை எடுத்துவிட்டால் மூளை காய்ந்துவிடாதா?" என்று அம்மா கேட்கிறாராம். கேட்க வேண்டிய கேள்விதான்.

உடம்பில் அந்த நீர் மொத்தமே 150 மில்லி அளவுதான், ஒரு டீ கிளாஸ். ஆனால் தேங்கி நிற்கிற தண்ணீர் இல்லை. மூளைக்குள்ளே இருக்கிற அறைகளில் ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவுக்குச் சுரக்கிறது. ஆவின் அரை லிட்டர் பாக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பழையது ரத்தத்தில் கலந்துவிடும், புதியது வந்துகொண்டே இருக்கும். பரிசோதனைக்கு எடுப்பது பத்து மில்லி, கொஞ்சம் முன்னே பின்னே. இரண்டு டீஸ்பூன். அரை மணி நேரத்தில் உடம்பு அதைத் திரும்பச் சுரந்துவிடும்.

நவம்பர் 18, இரவு 11.10

ஸ்கேன் எதற்கு, நேராக எடுக்க வேண்டியதுதானே என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

இந்தப் பரிசோதனையில் உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடம் அதுதான், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். மூளையில் கட்டியோ பெரிய வீக்கமோ இருந்து ஒரு பக்கம் அழுத்தம் ஏறியிருந்தால், கீழே தண்ணீரை எடுத்ததும் மூளை கீழ்நோக்கி நெருக்கும். உயிருக்கே ஆபத்து. அதனால்தான் நினைவு தடுமாறினால், புதிதாக வலிப்பு வந்தால், ஒரு பக்கம் கை கால் பலவீனமாக இருந்தால், முதலில் ஸ்கேன். டார்ச் மாதிரி ஒரு கருவியை வைத்துக் கண்ணுக்குள் உற்றுப் பார்ப்பதும் இதற்காகத்தான். அழுத்தம் ஏறியிருந்தால் கண்ணின் பின்பக்க நரம்பு வீங்கியிருக்கும்.

ரத்தம் உறையும் தன்மையும் பார்ப்பார்கள். பிளேட்லெட் மிகவும் குறைந்திருந்தால் தள்ளிப்போடுவார்கள். நம் பக்கம் டெங்கு சீசனில் இது முக்கியம். வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது எடுப்பதாக இருந்தால், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஊசி போடும் இடத்தில் தோலில் சீழ்ப் புண் இருந்தாலும் சொல்ல வேண்டும்.

நவம்பர் 19, காலை 6.05

தூக்கம் வரவில்லை. கையெழுத்துப் போட்டாயிற்றா?

நவம்பர் 19, காலை 6.40

இன்னும் இல்லையாம். அம்மா பக்கத்து பெட்காரம்மாவை விட்டு நகரவில்லையாம்.

தம்பி, அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். உங்கள் தெருவில் ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை பெற்றவர்கள் எத்தனை பேர்? எனக்கே இரண்டாவது பையன் ஆபரேஷன்தான். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். அந்த ஊசி போனதும் இதே இடுப்பு எலும்பு இடைவெளி வழியாக, இதே நீருக்குள்தான். அங்கே மருந்தை உள்ளே விடுகிறார்கள், இங்கே நீரை வெளியே எடுக்கிறார்கள். கதவு ஒன்றே. பிரசவ ஊசிக்கு என் மாமியார் ஒரு வார்த்தை மறுப்பு சொல்லவில்லை. இதற்கு வீடே நடுங்கியது.

பேரும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. "முதுகுத் தண்டில் தண்ணீர்", "தண்டுவட நீர்" என்றால், கேட்கிறவர் தண்டுவடத்திலேயே துளை போடுகிறார்கள் என்றுதான் நினைப்பார். தண்டு முடிந்த பிறகு இருக்கிற பையில் எடுக்கிறார்கள் என்பது அந்தப் பேரில் இல்லை.

நவம்பர் 19, பகல் 1.20

எடுத்துவிட்டார்கள்! அம்மாவின் அக்காதான் கடைசியில் பேசினாராம், அவருக்கும் ஆபரேஷன் பிரசவமாம். பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

அடுத்த கேள்வி: "தண்ணி பைப் தண்ணி மாதிரி தெளிவா இருந்துச்சாம் அக்கா. அப்போ ஒண்ணும் இல்லைதானே?"

அப்படிச் சொல்ல முடியாது தம்பி. கலங்கலாகவோ சீழ் மாதிரியோ வந்தால் பாக்டீரியா மூளைக் காய்ச்சல் என்று அங்கேயே சந்தேகம் வலுக்கும். தெளிவாக வந்தால் அது மட்டும் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். எனக்கும் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது.

என் கேஸ் ஷீட் நகல் ரேஷன் கார்டோடு இருக்கிறது, எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். செல்கள், அதாவது வெள்ளை அணுக்கள், 210. நல்ல நிலையில் ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதில் 85 சதவீதம் லிம்போசைட் என்கிற வகை. புரதம் 196, இருக்க வேண்டியது 45க்குள். சர்க்கரை 31. அதே நேரத்தில் ரத்தத்தில் எடுத்த சர்க்கரை 118. முதுகு நீரில் சர்க்கரை, ரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். தண்ணீர் எடுக்கும்போது விரலிலோ கையிலோ ரத்தமும் எடுத்திருப்பார்களே, அது இந்த ஒப்பீட்டுக்குத்தான். எனக்கு 78 பக்கம் இருக்க வேண்டியது 31.

டாக்டர் இதை ஒவ்வொன்றாக விளக்கினார். பாக்டீரியா என்றால் நியூட்ரோஃபில் என்கிற செல் குவிந்திருக்கும், சர்க்கரை விழும். வைரஸ் என்றால் லிம்போசைட் இருக்கும், சர்க்கரை பெரும்பாலும் விழாது. லிம்போசைட்டும் இருந்து, சர்க்கரையும் விழுந்து, புரதமும் ஏறியிருந்தால், நம் ஊரில் முதலில் நினைப்பது டிபி. எனக்கு மூளைச் சவ்வில் டிபி.

நவம்பர் 19, பகல் 1.45

விட்டுப்போனது. சிபிநாட் என்று டிபி கிருமிக்கே ஒரு டெஸ்ட் உண்டு, இரண்டு மணி நேரத்தில் மெஷின் சொல்லிவிடும். எனக்கு அது நெகட்டிவ். என் வீட்டுக்காரர், "டிபி இல்லைன்னு வந்துடுச்சே, ஏன் டிபி மருந்து?" என்று சண்டைக்கே போனார். நுரையீரல் டிபியில் சளியில் கிருமி நிறைய இருக்கும். முதுகு நீரில் மிகக் கொஞ்சம்தான் இருக்கும், அதனால் டெஸ்டில் சிக்காமல் போகலாம். நெகட்டிவ் வந்தால் டிபி இல்லை என்று முடிவு செய்ய முடியாது. நீரின் மொத்தக் கணக்கையும், கண்ணையும், காய்ச்சல் நாட்களையும் சேர்த்துப் பார்த்து மருந்தை ஆரம்பித்தார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வர ஆறு வாரம் வரை ஆகும். அதுவரை காத்திருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியாது.

நவம்பர் 19, இரவு 10.30

இரண்டு பேர் இடையில் வந்து கேட்டதற்குச் சுருக்கமாக.

எம்ஆர்ஐ எடுத்தாலே போதாதா? போதாது. படம் வீக்கத்தைக் காட்டும், இடத்தைக் காட்டும். எந்தக் கிருமி என்று சொல்லாது. ரத்தத்தில் எடுத்தால்? ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உடம்பே ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. அந்தப் பக்கம் நடப்பது பல நேரம் இந்தப் பக்க ரத்தத்தில் தெரியாது.

தண்டையார்பேட்டை அக்கா ஒருவரின் நாத்தனாருக்கு 28 வயது, உடம்பு கொஞ்சம் கனம், பல மாதமாகத் தலைவலி, கண் அவ்வப்போது இருட்டுகிறது, ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ஆனாலும் தண்ணீர் எடுக்கச் சொல்கிறார்கள். அவருக்குக் கிருமியைத் தேடவில்லை, அழுத்தத்தை அளக்கத்தான் எடுக்கிறார்கள். ஊசியோடு ஒரு குழாயை நிமிர்த்திப் பிடித்து, நீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். 25 சென்டிமீட்டருக்கு மேல் போனால் அழுத்தம் அதிகம். கட்டி எதுவும் இல்லாமலே இந்த நீரின் அழுத்தம் ஏறுகிற நோய் ஒன்று உண்டு, அதில் கொஞ்சம் நீரை எடுத்தாலே தலைவலி லேசாகும். தள்ளிப்போடாதீர்கள் அக்கா, கவனிக்காமல் விட்டால் பார்வை நிரந்தரமாகப் போகும்.

நவம்பர் 20, இரவு 9.15

அந்த ஒரு நாள் கதை.

என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாததற்குக் காரணம் அவருடைய அத்தை. கொருக்குப்பேட்டையில் அவர் தெருவில் ஒருவருக்கு முதுகில் தண்ணீர் எடுத்தார்களாம், அதோடு இரண்டு காலும் போய்விட்டதாம். அத்தை பொய் சொல்கிறவர் இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். அதனால்தான் அந்தப் பேச்சுக்கு அவ்வளவு எடை.

ஆறு வருடமாக அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. நீங்கள் கேட்டதும் நேற்று முழுக்க அதே நினைப்பு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, சரி. அவருக்கு ஏன் ஆனது? நாளைக்கு அத்தைக்குப் போன் போடுகிறேன்.

நவம்பர் 21, மாலை 7.30

போட்டேன். ஒரு மணி நேரம் பேசினோம். எல்லாரும் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

கால் போனதாகச் சொன்ன அந்தக் கொருக்குப்பேட்டைக்காரர் ஹார்பரில் லோடு ஏற்றுகிறவர். முதலில் இரண்டு மூன்று நாள் பேதி. அது நின்று ஒரு வாரம் கழித்துப் பாதத்தில் மதமதப்பு. மறுநாள் செருப்பு காலில் நிற்கவில்லை. அதற்கு மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை. ஆட்டோவில் தூக்கிப்போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போய் இரண்டாவது நாள் முதுகில் தண்ணீர் எடுத்தார்கள். அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே சுத்தமாக அசைவில்லை.

"அத்தை, அப்போ தண்ணி எடுக்கிறதுக்கு முன்னாடியே கால் போக ஆரம்பிச்சிடுச்சே" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ஆமாம்மா. அவன் பொண்டாட்டி, 'நடந்து போனவரை இப்படிப் பண்ணிட்டாங்க'ன்னு அழுதா. நடந்து போகலை. நாங்கதான் தூக்கிட்டுப் போனோம்" என்றார்.

கேட்டவரை அது கில்லன் பாரே சிண்ட்ரோம், சுருக்கமாக ஜிபிஎஸ், என்கிற நோய் மாதிரி இருக்கிறது. வயிற்றுப்போக்கோ சளிக் காய்ச்சலோ வந்து போன பிறகு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும். பாதத்தில் ஆரம்பித்து மேலே ஏறும். சில நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள் உச்சத்துக்குப் போகும், தண்ணீர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். முதுகு நீரில் புரதம் ஏறி, செல்கள் மட்டும் ஏறாமல் இருப்பது அதற்கு அடையாளம். அதைப் பார்க்கத்தான் எடுத்திருப்பார்கள். கால் போய்க்கொண்டிருந்ததால் தண்ணீர் எடுத்தார்கள். தண்ணீர் எடுத்ததால் கால் போகவில்லை.

அவர் ஏழெட்டு மாதத்தில் கோலூன்றி நடந்தாராம். அதை மட்டும் எந்த வார்டிலும் யாரும் சொல்வதில்லை.

நவம்பர் 21, இரவு 8.10

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். அத்தை மேலும் வீட்டுக்காரர் மேலும் எனக்குக் கோபம் இருந்தது. இன்று போய்விட்டது. அந்தத் தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் அதே வரிசையில்தான் பார்த்தார்கள்: ஊசி, அப்புறம் படுக்கை. ஊசிக்கு முன்னால் நடந்தது வீட்டுக்குள்ளே நடந்தது.

நவம்பர் 22, காலை 7.00

உங்கள் தம்பி எழுந்து உட்கார்ந்தால் தலை வெடிக்கிறது, படுத்தால் போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், ஆனால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஊசி போன துளை வழியாக நீர் கொஞ்சம் உள்ளேயே கசிவதால் வரும் தலைவலி இது. எழுந்தால் வலி, படுத்தால் இல்லை என்பதுதான் அடையாளம். எனக்கு இரண்டாவது நாள் பாத்ரூம் போக எழுந்தபோது ஆரம்பித்து நான்கு நாள் இருந்தது. வீட்டுக்காரர் ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவருவார். இளநீர்க் கடையில் வாங்கிய ஸ்ட்ராவைப் போட்டுப் படுத்தபடியே குடிப்பேன். காபிக்கு அந்த வலி கொஞ்சம் அடங்கும்.

தப்பு என்னுடையதுதான். 24 மணி நேரம் தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்கச் சொன்னார்கள், நான் பத்து மணி நேரத்திலேயே எழுந்துவிட்டேன். உங்கள் தம்பியும் எழுந்திருப்பான்.

நவம்பர் 22, இரவு 9.40

காலையில் எழுதியதைத் திருத்துகிறேன். நர்சிங் முடித்து வேலையில் இருக்கும் என் அண்ணன் மகள் படித்துவிட்டுப் போன் செய்தாள். "அத்தை, அது பழைய கதை. மணிக்கணக்கில் படுக்க வைத்தாலும் வைக்காவிட்டாலும் தலைவலி வருகிற அளவு ஒன்றுதான் என்று ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். எத்தனையோ இடத்தில் பழக்கத்துக்காகப் படுக்க வைக்கிறார்கள்" என்றாள்.

முக்கியம் ஊசிதான். வழக்கமான ஊசிக்கு முனை வெட்டுக் கத்தி மாதிரி சரிவாக இருக்கும். இன்னொரு வகைக்குப் பென்சில் முனை மாதிரி. அது சவ்வை அறுக்காமல் இழைகளை விலக்கிக்கொண்டு போகும். பல ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கில் வழக்கமான ஊசிக்கு நூற்றில் 11 பேருக்குத் தலைவலி, பென்சில் முனைக்கு நூற்றில் 4 பேருக்கு. மெல்லிய ஊசி என்றால் இன்னும் நல்லது.

ஒரு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தாலோ, தாங்க முடியாவிட்டாலோ, நம் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து அந்த இடத்தில் ஊசியால் விட்டுத் துளையை அடைப்பார்கள். ஒட்டுப் போடுகிற மாதிரி. பெரும்பாலும் உடனே கேட்கும். ஆனால் தலைவலியோடு காய்ச்சல் திரும்பக் கூடினாலோ, கழுத்து விறைத்தாலோ, கால் மரத்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, அது இந்தத் தலைவலிக் கணக்கில் வராது. உடனே கூப்பிட வேண்டும். ரத்தக்கட்டும் கிருமித் தொற்றும் அரிது, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் தம்பி எழுந்ததால் வந்ததில்லை. நான் எழுந்ததாலும் வந்ததில்லை. ஆறு வருடமாக என் மேல் போட்டுக்கொண்ட பழியை இன்று ஒரு போன் எடுத்துவிட்டது.

நவம்பர் 23, பகல் 3.30

ஞாபகம் வந்ததால் எழுதுகிறேன். இந்த ஊசி முறையை ஜெர்மனியில் குவின்கே என்ற டாக்டர் 1891இல் முறைப்படி விவரித்தார். 1898இல் பியர் என்பவர் அதே வழியில் மரப்பு மருந்து விட்டுப் பார்த்தார், தன் உடம்பிலேயே ஊசி போடச் சொன்னார். பிறகு அவருக்கும் இதே எழுந்தால் வரும் தலைவலி வந்து நாள்கணக்கில் படுத்திருந்தார். என் அண்ணன் மகள் சொன்னபோது அவர் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

டிபி என்றதும் வீட்டில் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்தார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். வைத்தார்கள். மூளைச் சவ்வு டிபி மட்டும் இருந்தால் அது மற்றவருக்கு ஒட்டாது. நுரையீரல் டிபிதான் இருமலில் பரவும். எனக்கு நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. இதை ஒரு டாக்டர் என் மாமியாரை உட்காரவைத்து ஐந்து நிமிடம் சொன்னபிறகு டம்ளர் ஒன்றானது.

ஒரு வருடம் மாத்திரை, அரசாங்கமே இலவசமாகத் தந்தது. வீட்டிலிருந்தே சாப்பிட்டேன். அப்படி வீட்டிலிருந்து சாப்பிட்டாலே போதும் என்பதை உலகத்துக்குக் காட்டியது நம் ஊர்தான். சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில், நுரையீரல் டிபி வந்தவர்களில் சானடோரியத்தில் வைத்துப் பார்த்தவர்களும், நெருக்கடியான வீடுகளில் இருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேறினார்கள் என்று 1959இல் வெளியிட்டார்கள். சோதனையில் இருந்தவர்கள் சென்னையின் ஏழை வீட்டுக்காரர்கள். எங்கள் தாத்தா பாட்டி காலத்து ஆட்கள்.

நவம்பர் 24, இரவு 8.50

தம்பியின் ரிசல்ட் வந்துவிட்டது. அனுமதி கேட்டுத்தான் போடுகிறேன். செல்கள் 64, பெரும்பாலும் லிம்போசைட். புரதம் 92. சர்க்கரை 58, ரத்தத்தில் 104. என் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சர்க்கரை அவ்வளவாக விழவில்லை. அந்த நீரைப் பார்த்ததும் பெரிய டாக்டர் வந்து சட்டையைக் கழற்றச் சொல்லி உடம்பு முழுக்கத் தேடினாராம். அக்குளில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு. வலியே இல்லாததால் அவனுக்கே தெரியாது.

ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடித்து வருவது. தீபாவளிக்கு ஊத்துக்கோட்டைப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்ப் பிள்ளைகளோடு ஏரிக்கரையில் சுற்றியிருக்கிறான். டாக்சிசைக்ளின் ஆரம்பித்து இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது, பேச்சும் தெளிந்துவிட்டது. ரத்தத்தில் எடுத்த டெஸ்டும் அதையே சொல்லியிருக்கிறது.

எனக்கு ஒரு வருட மருந்து, அவனுக்குச் சில நாள் மருந்து. இரண்டு பேருக்கும் வெளியே தெரிந்தது ஒரே காய்ச்சல், ஒரே தலைவலி, ஒரே வாந்தி. அந்த இரண்டு டீஸ்பூன் நீரை எதற்குக் கேட்கிறார்கள் என்று இனி யாராவது கேட்டால் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

நவம்பர் 24, இரவு 9.05

"சில நாள்" என்றதை நம்பி யாரும் பாதியில் நிறுத்தாதீர்கள். எத்தனை நாள் என்று டாக்டர் எழுதியிருக்கிறாரோ அத்தனை நாள்.

நவம்பர் 27, மாலை 6.20

டிஸ்சார்ஜ். அம்மாவே போனில் பேசினார். ஊசி போட்ட இடம் அழுத்தினால் வலிக்கிறதாம் என்றார். சில நாள் இருக்கும், போய்விடும் என்றேன். சிவந்து வீங்கினால் மட்டும் காட்டச் சொன்னேன். பக்கத்து பெட்காரம்மாவின் மகளுக்கும் நேற்று தண்ணீர் எடுக்கச் சொன்னார்களாம். இவர்தான் கூட உட்கார்ந்து கையெழுத்துப் போட வைத்திருக்கிறார்.

வைக்கும்போது, "உனக்கு இப்போ விளக்கு ஒண்ணாத் தெரியுதாம்மா?" என்று கேட்டார். நான் எழுதியதை மகன் வாசித்துக் காட்டியிருக்கிறான். மூன்றாவது மாதத்திலேயே ஒன்றாகிவிட்டது என்றேன். ராயபுரத்து சிக்னலைத் தாண்டும்போது இன்றைக்கும் ஒரு கண்ணை மூடித் திறந்து பார்த்துக்கொள்கிறேன், அதையும் சொன்னேன்.